பனி இல்லாத ஊரில் ரோஜாவுக்குக் கவாத்து

ரோஜா வளர்ப்புப் புத்தகங்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. குளிர்காலம் முடியும் தறுவாயில், இலை உதிர்ந்து செடி உறங்கும்போது, முழங்காலுக்குக் கீழே ஒட்ட வெட்டச் சொல்வார்கள். சிங்கப்பூரில் வீவக வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கும் செடிக்கு அது பொருந்தாது. ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். இரவிலும் குளிர் இல்லை. இங்கே ரோஜா உறங்குவதே இல்லை.

குளிர்நாட்டுச் செடி உறங்கப்போகும் முன் தண்டிலும் வேரிலும் உணவைச் சேர்த்து வைக்கும். ஒட்ட வெட்டினாலும் அந்தச் சேமிப்பில் துளிர்த்துவிடும். நம் செடியோ இலை சமைக்கும் உணவில் அன்றாடம் வாழ்கிறது. இலையெல்லாம் போய்விட்டால் பட்டினிதான். அதனால் ஒரே முறையில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

வெட்டினால் ஏன் பூக்கிறது? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்து ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போயின. அதுவரை அங்கிருந்த ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறைதான் பூத்தன. சீன வகைகளோ புதுத்தளிர் விடும்போதெல்லாம் பூக்கும். இன்று கடையில் வாங்கும் செடிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அந்தக் குணம் கலந்திருக்கிறது. கவாத்து என்பது புதுத்தளிரை வரவழைக்கும் வேலை. தளிர் வந்தால், ஆறேழு வாரத்தில் பூ.

ஆகவே, பூ வாடியதும் வெட்டுங்கள். காம்பை மட்டும் கிள்ளினால் போதாது. பூவுக்கு அடியில் மூன்று சிற்றிலை கொண்ட இலைகள் இருக்கும். அவற்றுக்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ள இலையைப் பாருங்கள். அதன் கக்கத்தில் சிறு கணு மொட்டு தெரியும். அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே, மொட்டின் பக்கம் உயர்ந்திருக்கும்படி சாய்வாக வெட்டினால் தண்ணீர் தேங்காது. மொட்டு செடியின் வெளிப்பக்கம் பார்த்திருப்பது நல்லது. நடுப்பகுதி திறந்து காற்றோடும், இலை சீக்கிரம் உலரும். ஆனால் நடைவழியில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். தீயணைப்புக்காக 1.2 மீட்டர் வழி விடவேண்டும். முள்கிளை நடப்பவர் மேல் படவும் கூடாது. எனவே, சுவரையொட்டி நீளவாக்கில் போகும் மொட்டையே தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் ஒருபக்கமாகவே வருவதால், தொட்டியை வாரந்தோறும் அரைவட்டம் திருப்பி வையுங்கள்.

சற்றுக் கூடுதலாக வெட்டுவதற்கு ஒரு காலம் உண்டு. தமிழ்நாட்டுச் சமவெளியில் அக்டோபரில் கவாத்து செய்வார்கள். அதே வழக்கத்தை இங்கே பின்பற்றினால், இளந்தளிர் நவம்பர், டிசம்பர் மழையில் மாட்டிக்கொள்ளும். ஈரம் காயாத இலையில் கரும்புள்ளி நோய் வேகமாகப் பரவும். பிப்ரவரிதான் இங்கே வறண்ட மாதம். ஜனவரிக் கடைசியில் காய்ந்த கிளை, நோய்பட்ட கிளை, உரசிக்கொள்ளும் கிளைகளை எடுத்து மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால், தளிர் வெயிலில் வளரும். சித்திரை முதல் நாளுக்குப் பூ வேண்டுமானால், பிப்ரவரிக் கடைசி வாரத்தில் வெட்டுங்கள். பூசைக்குத் தேக்காவில் மாலை வாங்கினாலும், வீட்டுப் பூ ஒன்று சாமிக்கு வைப்பதில் தனி நிறைவு இருக்கிறது.

கேமரன் மலைக் குளிரில் வளர்ந்த செடியானால், வாங்கியதும் வெட்டவேண்டாம். புது இடத்தில் தளிர்விட்டு ஒருமுறை பூக்கட்டும். ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் வேறு ரகம். அதை அடியோடு பிய்த்துவிடுங்கள்.

கத்தரி கூர்மையாக இருக்கட்டும். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் ஸ்பிரிட்டால் துடையுங்கள். புள்ளி விழுந்த இலைகளைத் தொட்டியிலேயே போடாமல் குப்பையில் சேருங்கள். தொட்டித் தட்டில் நீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதையும் அப்போதே கொட்டிவிடுங்கள். உரத்துக்கு அவசரம் வேண்டாம். செந்நிறத் தளிர்கள் விரல் நீளம் வந்தபிறகு கொஞ்சமாகப் போட்டு, காலையில் மண்ணில் மட்டும் நீர் விடுங்கள்.