டார்வின் இல்லாத பத்தாம் வகுப்பு

உயிரினங்களின் பரிணாமத்தைப் பள்ளியில் கற்பிக்கலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டாக அரசியலையும் நீதிமன்றங்களையும் அலைக்கழித்து வருகிறது. அங்கே, உலகையும் உயிர்களையும் கடவுள் ஏறத்தாழ இன்றுள்ள வடிவிலேயே படைத்தார் என்னும் சமய நம்பிக்கையை அறிவியலாக முன்வைக்கும் படைப்புவாதத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பலரும் முயன்றனர். இந்தியாவில் நடந்தது வேறு. தில்லியிலிருந்து இயங்கும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், அதாவது என்.சி.இ.ஆர்.டி., தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமத்துக்குப் போட்டியாக எந்தப் படைப்புக் கதையையும் சேர்க்கவில்லை. இருந்த பாடத்தை எடுத்துவிட்டது. மேடையில் பேசப்படும் மறுப்பைவிட ஓசையின்றிச் செய்யப்படும் இந்த நீக்கமே ஆழமான பாதிப்பை உண்டாக்கும் என்பதை, 2018 முதல் 2023 வரையிலான நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் எவரும் உணர முடியும்.

அமைச்சரின் பேச்சும் அகாதமிகளின் மறுமொழியும்

2018 ஜனவரியில், அப்போது ஒன்றிய மனிதவள மேம்பாட்டுத் துறையின் இணையமைச்சராகவும் உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் தொகுதி உறுப்பினராகவும் இருந்த சத்யபால் சிங், மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாதில் நடந்த வைதிக மாநாட்டில், டார்வினின் பரிணாமக் கோட்பாடு அறிவியல்படி தவறானது என்றும், பள்ளி, கல்லூரிப் பாடத்திட்டத்தில் அது மாற்றப்பட வேண்டும் என்றும் பேசினார். குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக முன்னோர் எவரும் சொல்லவோ எழுதவோ இல்லை என்பதே அவர் முன்வைத்த காரணம். மும்பைக் காவல் ஆணையராகப் பணியாற்றியவரும் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவருமான ஒருவர், உயர்கல்விக்குப் பொறுப்பான பதவியில் இருந்துகொண்டு இவ்வாறு சொன்னதால் அந்தப் பேச்சு நாடெங்கும் விவாதிக்கப்பட்டது.

பரிணாமக் கோட்பாடு சொல்வது அமைச்சர் மறுத்ததை அல்ல. ஒரு குரங்கு ஒருநாள் மனிதனாக மாறியது என்று உயிரியலாளர் எவரும் சொல்வதில்லை. இன்றைய குரங்குகளுக்கும் மனிதர்களுக்கும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பொதுவான மூதாதையர் இருந்தனர் என்றும், தலைமுறைகள்தோறும் தோன்றும் சிறு வேறுபாடுகளில் சூழலுக்குப் பொருந்துபவை பெருகி மற்றவை குறையும் இயற்கைத் தேர்வு இந்த மாற்றத்தை நடத்தும் முதன்மை விசைகளுள் ஒன்று என்றும் அவர்கள் சொல்கின்றனர். இதற்கு எவரும் நேரில் கண்ட சாட்சி தேவையில்லை. பாறை அடுக்குகளில் வரிசையாகக் கிடைக்கும் புதைபடிவங்களும், உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. வரிசைகளும், வௌவாலின் சிறகிலும் மனிதனின் கையிலும் ஒரே அமைப்பில் அமைந்த எலும்புகளும் ஒன்றையொன்று சாராமல் ஒரே முடிவைத் தருகின்றன.

இந்திய அறிவியல் அகாதமி, இந்திய தேசிய அறிவியல் அகாதமி, தேசிய அறிவியல் அகாதமி ஆகிய மூன்றும் ஓரிரு நாள்களிலேயே கூட்டறிக்கை வெளியிட்டு, அமைச்சரின் கூற்றுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றும், பரிணாமத்தின் அடிப்படை உண்மைகள் பற்றி அறிவியலாளரிடையே சர்ச்சை இல்லை என்றும் தெளிவுபடுத்தின. பரிணாமப் பாடத்தைப் பள்ளிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் நீக்குவதோ, அறிவியல் சாராத விளக்கங்களாலும் புராணங்களாலும் அதை நீர்த்துப்போகச் செய்வதோ பின்னோக்கிய நடவடிக்கையாகும் என்றும் எச்சரித்தன. துறையின் மூத்த அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகரும், அறிவியலை நீர்க்கச் செய்யக் கூடாது என்று கூறி, இத்தகைய பேச்சுகளைத் தவிர்க்குமாறு தம் இணையமைச்சரைக் கேட்டுக்கொண்டதாக அறிவித்தார். அந்த ஆண்டில் அறிவியல் சமூகம் விழிப்புடன் செயல்பட்டது. அமைச்சகமும் அதற்குச் செவிசாய்த்தது.

பேச்சில் தோற்றது, நிர்வாகத்தில் நடந்தது

அகாதமிகள் எச்சரித்த நீக்கம் நான்கு ஆண்டுகளுக்குப் பின், எந்த மேடைப்பேச்சும் இல்லாமல் நடந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி என்.சி.இ.ஆர்.டி. 2022இல் பாடச்சீரமைப்பை அறிவித்தது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த அத்தியாயம் ‘மரபுவழி’ என்று சுருங்கியது. புதிய இனங்கள் தோன்றும் முறை, புதைபடிவங்கள், உறுப்புகளின் ஒப்பீடு, மனிதப் பரிணாமம் ஆகியவற்றை விளக்கிய பகுதிகளும், டார்வினைப் பற்றிய குறிப்பும் போயின. உயிரற்ற எளிய மூலக்கூறுகளிலிருந்து உயிர் தோன்றியிருக்கலாம் என்று 1929இல் முன்மொழிந்தவரும், பின்னாளில் இந்தியாவுக்கு வந்து குடியுரிமை பெற்றவருமான ஜே.பி.எஸ். ஹால்டேனைப் பற்றிய குறிப்பும் அவற்றோடு போனது. அதே சீரமைப்பில் தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு பற்றிய அத்தியாயமும் நீக்கப்பட்டது.

2023இல் மறுபதிப்பு நூல்கள் வந்ததும் செய்தி பரவியது. பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி என்னும் அமைப்பு ஏப்ரலில் வெளியிட்ட வேண்டுகோளில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு, பாடத்தை மீண்டும் சேர்க்கக் கோரினர். பிற வகுப்புகளில் ஒத்த பாடம் இருத்தல், கடினத் தன்மை, மாணவர் தாமே கற்றுக்கொள்ளக் கூடியவை போன்றவற்றைச் சீரமைப்பின் பொது அளவுகோல்களாக என்.சி.இ.ஆர்.டி. குறிப்பிட்டிருந்தது. பரிணாமம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலில் இருக்கிறது என்று அரசுத் தரப்பு பதிலளித்தது.

அந்தப் பதில் உண்மைதான். ஆயினும் அது கேள்வியைத் தீர்ப்பதில்லை. பத்தாம் வகுப்பு வரைதான் எல்லா மாணவரும் ஒரே அறிவியலைப் படிக்கின்றனர். அதன்பின் வணிகவியல், கலைப் பிரிவுகளைத் தேர்பவரும், உயிரியலை விட்டுக் கணினியையோ பொருளியலையோ எடுப்பவரும், படிப்பையே நிறுத்திவிடுபவரும் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலைத் திறக்கப் போவதில்லை. மருத்துவரும் உயிரியலாளரும் ஆகப்போகும் சிலருக்கு மட்டும் பரிணாமத்தை ஒதுக்கிவிட்டால், வழக்கறிஞர்களாகவும் வணிகர்களாகவும் உழவர்களாகவும் சட்டமன்ற உறுப்பினர்களாகவும் ஆகப்போகும் பெரும்பான்மையினர் தாங்கள் எவ்வாறு தோன்றினோம் என்பதற்கான அறிவியல் விடையைப் பள்ளியில் ஒருமுறைகூடக் கேளாமலே வெளியேறுவர்.

தலைநகரின் பெயரில் ஒரு பரிணாமம்

சுமையைக் குறைக்கப் பெருந்தொற்றைக் காரணம் காட்டியது வேதனை தரும் முரண்பாடு. 2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லியின் மருத்துவமனைகளை நிலைகுலைய வைத்த டெல்டா திரிபு, கிருமியில் தற்செயலாக நேர்ந்த மாற்றங்களில் வேகமாகப் பரவ உதவியவை நிலைபெற்றதன் விளைவு. இயற்கைத் தேர்வை அதைவிடத் தெளிவாக விளக்கும் பாடம் வேறு இருக்க முடியாது.

அதற்கும் முன்பே தில்லிக்கு இன்னொரு பாடம் கிடைத்திருந்தது. பிற மருந்துகள் பயனற்றுப்போகும்போது கையாளப்படும் கார்பபெனம் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சிதைக்கும் நொதி ஒன்று, புதுதில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்ட பாக்டீரியாவில் கண்டறியப்பட்டு, 2009இல் என்.டி.எம்.-1 என்ற பெயருடன் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் புதுதில்லியைக் குறிப்பவை. 2011இல் வெளியான ஆய்வு, தில்லியில் எடுக்கப்பட்ட 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தேங்கிய கசிவுநீர் மாதிரிகள் 171இல் 51இலும் இந்த நொதிக்கான மரபணுவைக் கண்டது. நகரின் பெயரைச் சூட்டியது நாட்டை இழிவுபடுத்துவதாக 2010இல் அரசியல் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தனர். பெயர் குறித்த அந்த மனவருத்தம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் மருந்து மிகையாகப் பயன்படும் சூழலில் எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்களே பிழைத்துப் பெருகுகின்றன என்ற எளிய உண்மையைக் குடிமக்கள் அறிந்தால்தான் மருந்துச்சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி வாங்கும் வழக்கம் மாறும். அந்த உண்மைக்குப் பெயர்தான் பரிணாமம்.

சட்டம் எட்டாத இடம்

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் பரிணாமம் கற்பித்ததற்காக 1925இல் குற்றவாளியாக்கப்பட்டார். பின்னர் 1968இல் பரிணாமத்தைக் கற்பிப்பதற்கான தடையையும், 1987இல் படைப்புவாதத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா சட்டத்தையும் அந்நாட்டு உச்சநீதிமன்றம் செல்லாதவையாக்கியது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற புதுப்பெயரில் வந்ததும் அறிவியல் அல்ல என்று தீர்ப்பானது. வெளிப்படையான சமயத் திணிப்பு நீதிமன்றத்தில் தோற்றுப்போகும் என்பதை இவை காட்டுகின்றன.

இந்திய அரசமைப்பின் 28ஆம் உறுப்பும் அரசு நிதியில் முழுமையாக இயங்கும் கல்வி நிலையங்களில் சமய போதனையைத் தடுக்கிறது. 1976இன் 42ஆம் திருத்தத்தால் சேர்ந்த 51ஏ(எச்) பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக்குகிறது. எனினும் அடிப்படைக் கடமைகளை நேரடியாக நீதிமன்றத்தின் வழி நிறைவேற்றிவிட முடியாது. பல்கலைக்கழகங்களில் சோதிடத்தைப் பாடமாக்கியதை எதிர்த்த வழக்கை 2004இல் தள்ளுபடி செய்தபோது, உச்சநீதிமன்றம் பாடத் தேர்வைக் கல்வி வல்லுநர்களின் முடிவுக்கே விட்டது. சேர்த்த பாடத்தையே அசைக்க இயலாதபோது, ஓர் அத்தியாயம் இல்லாமற்போனதை எதிர்த்து வாதாடுவது இன்னும் அரிது. துருக்கியும் 2017இல் இதே வழியில், பள்ளி மாணவர்களுக்கு விளங்காத அளவு சிக்கலானது என்று சொல்லியே பரிணாமத்தை உயர்நிலைப் பள்ளியிலிருந்து விலக்க முடிவெடுத்தது.

மூதாதையர் யார் என்னும் கேள்வி

2019 ஜூலையில் மக்களவையில் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத் திருத்த விவாதத்தின்போது, இந்தியர்கள் ரிஷிகளின் வழிவந்தவர்கள் என்று சத்யபால் சிங் மீண்டும் பேசியபோது, தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி, தம் முன்னோர் ரிஷிகள் அல்லர், அறிவியல் சொல்வதுபோல் ஹோமோ சேப்பியன்ஸ் என்னும் மனித இனத்தினர் என்றும், தம் பெற்றோர் சூத்திரர்கள் என்றும் பதிலளித்தார். அந்த மறுமொழி இந்தச் சர்ச்சையின் சமூக வேரைத் தொட்டது. பிறப்பின் பெயரால் மேல்கீழ் வகுக்கும் சமூகத்தில், எல்லா மனிதரும் ஒரே மூதாதையரின் வழிவந்தவர் என்னும் உயிரியல் உண்மை, உயிரியலுக்கு அப்பாலும் பொருள் உடையது. 1930களிலேயே சிங்காரவேலர் தமிழில் அறிவியல் கட்டுரைகளை எழுதிப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது இந்தச் சமத்துவ நோக்கத்தால்தான். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ தனி அலகாக இடம்பெற்றிருப்பது, பதினைந்து வயதினருக்கு இப்பாடம் கடினம் என்ற வாதத்துக்கு நேரடியான மறுப்பு.

சமய நம்பிக்கை உடையவர்களுக்கும் இதில் அச்சத்துக்கு இடமில்லை. விவேகானந்தர் போன்றவர்களே பரிணாமத்தைத் தம் தத்துவத்தோடு இணைத்துப் பேசியிருக்கின்றனர். தேசியக் கல்விக் கொள்கை 2020 அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதாக உறுதி கூறுகிறது. அந்த உறுதியை நிறைவேற்ற விரும்பும் தில்லி செய்ய வேண்டியவை இரண்டு: நீக்கிய பகுதிகளைப் பத்தாம் வகுப்பில் மீண்டும் சேர்ப்பது, இனி எந்த அறிவியல் பகுதியையும் எடுக்கும் முன், அதற்குரிய காரணத்தைத் தனித்தனியே வெளியிட்டு, அத்துறை அறிஞர்களின் கருத்தைப் பெறுவது. சத்யபால் சிங்கின் பேச்சுக்கு நாடு சில நாள்களில் விடை சொல்ல முடிந்ததற்குக் காரணம், அது எல்லோர் காதிலும் விழுந்ததுதான். பாடநூலில் நடக்கும் மாற்றங்களும் அதே அளவு பொதுவெளியில் நடந்தாக வேண்டும்.