பகிர்வு ஆய்வுத் தரவும் கிரிட் கணிமையும்: டெக்ஸ்ட்கிரிட் திட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மின்சாரம் எந்த நிலையத்தில் உற்பத்தியாகிறது என்பதை அறியாமலேயே நாம் விளக்கை ஏற்றுகிறோம். கணிப்பு ஆற்றலும் சேமிப்பிடமும் அவ்வாறே கிடைக்க வேண்டும் என்னும் எண்ணத்திலிருந்து கிரிட் கணிமை தோன்றியது. இயன் ஃபாஸ்டர், கார்ல் கெஸ்ஸல்மன் ஆகியோர் தொகுத்து 1998இல் வெளிவந்த நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது. பல நிறுவனங்களின் கணினிகள், தத்தம் உரிமையை இழக்காமல், ஒரு பொது நோக்கிற்காக இணைந்து இயங்குவது இதன் இயல்பு. அக்கணினிகளுக்கும் ஆய்வாளரின் செயலிக்கும் நடுவே நின்று பணியைப் பகிர்ந்தளிப்பது இடைநிலை மென்பொருள் எனப்படும். இத்தகைய தளத்தின்மீது இலக்கிய ஆய்வுக்கான மென்பொருளை உருவாக்கியபோது எழுந்த சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது.

இயற்பியல் தளத்தில் இலக்கியம்

கிரிட் கணிமை முதலில் அறிவியலாரின் தேவையை ஒட்டியே வளர்ந்தது. செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் தரவுகள் 40க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 மையங்களில் பகிர்ந்து வைக்கப்படுகின்றன. மும்பையின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் அவற்றுள் ஒன்று. தரவு மிகப் பெரிது. ஆகவே தரவு இருக்கும் இடத்திற்கே நிரலை அனுப்புகின்றனர்.

ஜெர்மனியில் நடுவண் அரசின் நிதியுதவியுடன் 2005இல் டி-கிரிட் முயற்சி தொடங்கியது. இயற்பியல், தட்பவெப்பவியல், வானியல், மருத்துவம் ஆகிய துறைகளோடு மானுடவியற்புலங்களும் அதில் இடம்பெற்றன. 2006இல் கோட்டிங்கன் பல்கலைக்கழக நூலகத்தின் தலைமையில் உருவான டெக்ஸ்ட்கிரிட் அவ்விடத்தைப் பெற்றது. ஒரு புதினத்தின் முழுப் பாடம் சில மெகாபைட் அளவைத் தாண்டாது. இதற்குக் கிரிட் எதற்கு என்னும் வினா இயல்பானதே. இலக்கிய ஆய்வாளரின் தேவை கணிப்பு வேகம் அன்று. வெவ்வேறு ஊர்களில் இருப்போர் ஒரே பாடத்தைக் கூடிப் பதிப்பிப்பதே.

நுழைவுரிமை முதல் தடையாயிற்று. இயற்பியலார் எக்ஸ்.509 என்னும் எண்மச் சான்றிதழைக் கொண்டு கிரிட்டில் நுழைவர். அதனைப் பெறுவதும் புதுப்பிப்பதும் பதிப்பாசிரியர்க்குப் பெருஞ்சுமை. ஆகவே தத்தம் பல்கலைக்கழகக் கணக்கைக் கொண்டே நுழையும் ஷிபொலெத் முறை ஏற்கப்பட்டது. ஒவ்வொரு பதிப்புத் திட்டத்திலும் மேலாளர், பதிப்பாசிரியர், பார்வையாளர் என உரிமைகள் வகுக்கப்பட்டன. அழிக்கும் உரிமை தனியே வழங்கப்பட்டது என்பது கருதத்தக்கது. திருத்துவோர் எல்லாரும் அழிக்கவும் வல்லவராக இருத்தல் கூட்டுப்பணிக்கு ஆகாது.

குறியீட்டில் உடன்பாடு

உண்மையான இடர்ப்பாடு குறியீட்டில் இருந்தது. ஒரு சோதனையைச் சார்ந்த இயற்பியலார் அனைவரும் ஒரே தரவு வடிவத்தைக் கையாள்வர். பதிப்பாசிரியரோ டி.இ.ஐ. எனப்படும் பாடக் குறியீட்டு நெறியைப் பின்பற்றினும், தத்தம் நூலுக்கேற்ப அதனை வளைத்துக்கொள்வர். நாடகத்தைக் குறிப்போர்க்குப் பேசுவோர் முதன்மை. செய்யுளைக் குறிப்போர்க்கு அடி முதன்மை. ஓர் அடியின் முற்பாதியை ஒரு பாத்திரமும் பிற்பாதியை மற்றொரு பாத்திரமும் பேசும்போது இரண்டும் மோதுகின்றன. எக்ஸ்.எம்.எல். ஒன்றனுள் ஒன்று முழுமையாக அடங்கும் கட்டமைப்பை மட்டுமே ஏற்கும்.

தமிழ் யாப்பைக் கற்பிப்போர்க்கு இது புதிதன்று. சீர் பிரிக்கும்போது சொல் உடைகிறது; சொல் பிரிக்கும்போது தளை மறைகிறது. இரண்டையும் ஒரே கோப்பில் குறிக்க முனைவோர் இதே தடையைச் சந்திப்பர். ஒன்றைக் கட்டமைப்பாகவும் மற்றொன்றை இடக்குறியாகவும் அமைத்தல் ஒரு வழி. குறிப்புகளைத் தனிக்கோப்பில் வைத்து, பாடத்தின் உரிய இடங்களைச் சுட்டுதல் மற்றொரு வழி.

டெக்ஸ்ட்கிரிட் எல்லாரையும் ஒரே குறியீட்டுக்குக் கட்டாயப்படுத்தவில்லை. திட்டங்கள் தத்தம் குறியீட்டை வைத்துக்கொண்டன. அதனோடு பொதுவான அடிப்படைக் குறியீடு ஒன்று வகுக்கப்பட்டு, தனிக்குறியீட்டை அதற்கு மாற்றும் விதிகள் எழுதப்பட்டன. பல திட்டங்களின் பாடங்களில் ஒருசேரத் தேட இது இடமளித்தது. நுட்பமான வேறுபாடுகள் பொதுக்குறியீட்டில் உதிர்ந்துவிடும் என்பது உண்மையே. எனினும் மூலக்கோப்பு அழியாமல் இருப்பதால் அவ்விழப்பு தாங்கத்தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஆய்வகமும் களஞ்சியமும்

மென்பொருள் இரு பகுதிகளாக அமைந்தது. எக்லிப்ஸ் தளத்தின்மீது கட்டப்பட்ட ஆய்வகம் பதிப்பாசிரியரின் பணிமேசை. கையெழுத்துப்படியின் படிமத்தையும் அதன் பாடத்தையும் வரிக்கு வரி இணைக்கும் கருவி அதில் உண்டு. தியோடர் ஃபோன்டேனின் 67 குறிப்பேடுகள் இச்சூழலில் பதிப்பிக்கப்பட்டன. மற்றொரு பகுதி களஞ்சியம். பணி நடைபெறும் வரை பாடம் குழுவினர்க்கு மட்டும் உரியது. வெளியிட்டபின் அதற்கு நிலையான அடையாள எண் கிடைக்கும். அதன்பின் அதை மாற்றவோ அழிக்கவோ இயலாது. பிழை தென்பட்டால் புதிய திருத்தப்படிவமே வெளியிடப்பட வேண்டும், பழையதும் உடனிருக்கும். மேற்கோள் காட்டிய ஆய்வேடும் அதன் ஆதாரமும் பிரியாமல் இருக்க இந்த இறுக்கம் தேவை.

ஆய்வகம் சேமிப்புக் கருவியை நேரடியாகத் தொடுவதில்லை. நடுவிலுள்ள சேவைகளே கோப்பை எழுதவும் படிக்கவும் செய்கின்றன. ஆகவே அடியிலுள்ள சேமிப்பு முறை மாறினும் பதிப்பாசிரியரின் பணி மாறுவதில்லை. மேகக் கணிமை பரவிக் கிரிட் என்னும் சொல்லே அருகிய காலத்தில் இவ்வடுக்கமைப்பின் பயன் விளங்கியது. 2015இல் திட்ட நிதி முடிவுற்றபின் டாரியா-டி.இ. என்னும் கட்டமைப்பு இப்பணியை ஏற்றது. ஆய்வகச் செயலி இயங்குதளங்களின் மாற்றத்திற்கேற்பத் தொடர்ந்து பேணப்பட வேண்டியது. வெளியிடப்பட்ட பாடங்களோ எளிய எக்ஸ்.எம்.எல். கோப்புகள், அவற்றைத் திறக்க அச்செயலி வேண்டியதில்லை.