கார் ஃபெண்டருக்கும் பேடன்ட்டா? பழைய டிசைன்களோடு ஒப்பிட்டு கோர்ட் முடிவு செய்வது எப்படி?

அமெரிக்காவில் ஒரு காரின் முன்பக்கம் இடித்து நசுங்கிவிட்டது. மாற்ற வேண்டிய ஃபெண்டரை கார் கம்பெனியிடம்தான் வாங்கணுமா, வேறு கம்பெனி தயாரித்ததை வாங்கலாமா? சின்ன கேள்விதான். ஆனால் இதன் பின்னணியில் இருக்கும் ஒரு வழக்கு, 40 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த சட்ட அளவுகோலையே மாற்றிவிட்டது.

ஷெவர்லே ஈக்வினாக்ஸ் காரின் முன்பக்க ஃபெண்டர் வடிவத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் டிசைன் பேடன்ட் வைத்திருக்கிறது. உதிரி பாக நிறுவனமான எல்.கே.க்யூ. அதை எதிர்த்தது. 'லியான்' என்ற பழைய டிசைன் பேடன்ட்டையும், 2010 ஹூண்டாய் டூசான் விளம்பரக் கையேட்டையும் காட்டி, இதில் புதுசா என்ன இருக்கு என்று கேட்டது.

இங்கேதான் சிக்கல். பொருள் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துறையில் இருக்கும் சாதாரண டிசைனருக்கு அது எளிதில் தோன்றியிருக்கும் என்றால் பேடன்ட் நிற்காது. இதை எப்படி அளப்பது? 1982-ல் ஒரு டேபிள் டிசைன் தொடர்பான 'ரோசன்' வழக்கில் ஒரு விதி வந்தது. கிட்டத்தட்ட அதே மாதிரியான ஒரு பழைய டிசைனை முதலில் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. எல்.கே.க்யூ.வும் அந்த முதல் படியிலேயே தடுக்கி விழுந்தது.

2024 மே 21-ல் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் இந்த விதியைத் தூக்கி எறிந்தது. ரொம்ப கறாரான விதி என்பதுதான் காரணம். பார்வைக்கு ஒத்த பழைய டிசைன் இருந்தாலே இனி ஒப்பீட்டைத் தொடங்கலாம்.

நீதிமன்றம் துணைக்கு எடுத்துக்கொண்டவற்றில் 1893-ம் ஆண்டின் குதிரைச் சேண வழக்கும் ஒன்று. ஒரு சேணத்தின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் வழக்கமான முறையில் சேர்ப்பது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அப்போதே சொல்லியிருந்தது.

அதற்காக இஷ்டத்துக்கு பத்து டிசைன்களை வெட்டி ஒட்டி 'இதுவும் பழசுதான்' என்று சொல்லிவிட முடியாது. சாதாரண டிசைனர் அவற்றை ஏன் சேர்த்திருப்பார் என்பதற்கு ஆதாரத்தோடு காரணம் காட்டணும். விடையைப் பார்த்த பிறகு கணக்கு எளிதாகத் தெரியும் இல்லையா? அந்த ஆபத்துக்கான தடுப்பு இது.

ஃபெண்டருக்கு இன்னொரு காரின் ஃபெண்டரோடு ஒப்பீடு, சரி. வேறு துறைப் பொருளையும் கொண்டுவரலாமா? அதை வழக்குக்கு வழக்கு பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது நீதிமன்றம். ஃபெண்டர் பேடன்ட் செல்லுமா என்பதையும் அது தீர்மானிக்கவில்லை. புதிய அளவுகோலில் மறுபடி பாருங்கள் என்று பேடன்ட் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பியது.