படத்தில் இருப்பவரின் பெயர் என்ன?

சகோதரிகளே, அடுக்களை அலமாரியில் இருக்கும் தேயிலைப் பாக்கெட்டைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சை மலைச்சரிவு, முதுகில் கூடை, தலையில் துணி, முகத்தில் சிரிப்பு. அப்படி ஒரு பெண் பாக்கெட்டில் இல்லாவிட்டால் எங்காவது ஒரு காலண்டரிலாவது இருப்பார். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்மணி அவர். எத்தனையோ தடவை பார்த்த முகம். ஆனால் அவர் பெயர் என்ன?

இந்தக் கேள்வியை என் மனத்தில் போட்டது ஒரு கல்லறை. ஹட்டனிலிருந்து மலைப்பாதையில் போனால் பொகவந்தலாவை வரும். அங்குள்ள சென்ட் மேரீஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலேய அம்மையார் அடக்கமாகியிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளின் தாய். 48ஆம் வயதில், 1863இல், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று அவர் ஒதுங்கவில்லை. கோழிக்கூண்டைப் படமெடுக்கும் அறையாக்கினார், கரி போட்டு வைத்திருந்த அறையை இருட்டறையாக்கினார். கவிஞர் டென்னிசன், விஞ்ஞானி டார்வின் போன்ற பெரியவர்கள் அவர் காமிராவின் முன் வந்து உட்கார்ந்தார்கள். இன்று உலகம் அவரைப் புகைப்படக் கலையின் மேதைகளில் ஒருவராக வைத்துப் போற்றுகிறது.

அவருடைய கணவருக்கு இலங்கை மலையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. ஆம், அப்போது அங்கே கோப்பிதான். ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார், அவ்வளவுதான். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, பிறகு மலை முழுக்கத் தேயிலைக்கு மாறியது. 1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்குக் குடிவந்தார்கள். மகன் அரசாங்க உத்தியோகத்திலிருந்த களுத்துறைக் கடற்கரையில் அம்மையார் மறுபடி காமிராவைத் தூக்கினார். இந்தத் தடவை அவர் முன்னால் நின்றவர்கள் பிரபுக்கள் அல்லர், கிராமத்தாரும் தோட்டத்துக் கூலியாட்களும்தான்.

அந்தக் காலத்தில் படமெடுப்பது சாமானியமான வேலையல்ல. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே எடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். எதிரில் நிற்பவர் நிமிடக்கணக்கில் அசையக்கூடாது. செடிகொடிகளை ஓவியமாக வரையும் மேரியன் நார்த் என்ற பெண்மணி அங்கே விருந்தாளியாக வந்தார். அவரைக் கொதிக்கிற வெயிலில், தலையில் தென்னோலை குத்தக் குத்த நிறுத்திவைத்து, இயல்பாக இருங்கள் என்றாராம் கேமரன். விருந்தாளிக்கே இந்தக் கதி! அவர் இதைச் சிரித்துக்கொண்டே எழுதிவைத்துவிட்டுப் போனார். கூலியாட்கள் எழுதிவைக்கவில்லை.

1878இல் எடுத்த படம் ஒன்றில் களுத்துறைக் குடியானவர்கள் நிற்கிறார்கள். சிறுமிக்கு 12 வயது, தகப்பன் என்று சொல்லும் கிழவர் தமக்கு நூறு வயது என்கிறார் என்று அம்மையார் குறித்திருக்கிறார். வயதைக் கேட்டவர் பெயரைக் குறிக்கவில்லை பாருங்கள். இத்தனைக்கும் இங்கிலாந்தில் தம் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை அவர் எடுத்த படங்களில், அந்தப் பெண்ணின் பெயர் இன்றுவரை விளங்குகிறது. 1879 ஜனவரியில் திக்கோயா மலைத் தோட்டத்தில் அம்மையார் காலமானார்.

அவரையாவது கலைஞர் என்று சொல்லலாம். மலைக்கு வந்த மற்றவர்கள் வியாபாரிகள். ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே முதலிய ஸ்டூடியோக்கள் தோட்டக் காட்சிகளை எடுத்துப் பயணிகளுக்கு ஆல்பமாகவும் அஞ்சலட்டையாகவும் விற்றன. அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். வேலை நின்றுபோயிருக்கிறது. பெண்கள் கூடையோடு வரிசையாக நிற்கிறார்கள். நிஜத்தில் கொழுந்து பறிக்கும் கை ஒரு கணம் நிற்காது. இரண்டு கையும் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் வீசிக்கொண்டே போகும். அன்று அந்த வேகத்தைப் பிடிக்கக் காமிராவுக்குச் சக்தியில்லை. இன்று கையிலிருக்கும் போனுக்கே அந்தச் சக்தி இருக்கிறது. ஆனாலும் பாதையோரத்தில் வேனை நிறுத்தி இறங்குகிறவர்கள் அதே பழைய அஞ்சலட்டையைத்தான் கேட்கிறார்கள்: நில்லுங்கள், சிரியுங்கள், இரண்டு இலையும் ஒரு மொட்டும் கையில் பிடியுங்கள்!

இடுப்பில் கட்டிய படங்கு, காலில் ஏறும் அட்டை, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசையே பார்த்து நிற்கும் கண்கள், குழந்தையை விட்டுவந்த பிள்ளைக்காம்பரா, மழை ஒழுகும் லயத்துக் கூரை - இவை படத்தில் வருவதில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொட 2021 வரை போராட வேண்டியிருந்த கதையும் அந்தச் சிரிப்பில் தெரியாது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? கலியாண வீட்டில் வீடியோக்காரர் பெண்கள் பக்கம் திரும்பினால் நாம் முந்தானையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறோம். "இந்தப் பக்கம் எடுக்காதீங்க" என்று சொல்ல வாப்பாவோ காக்காவோ இருக்கிறார்கள். சரிவில் நிற்கும் அந்தத் தாய்க்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நின்று வாதாடினால் அன்றைய கிலோ குறையும். பத்தோ இருபதோ கிடைத்தால் வாங்கிக்கொண்டு சிரித்துவிடுவதே லாபம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த மக்கள் தங்களுக்காகவும் படம் பிடித்துக்கொண்டதுண்டு. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானபோது, பாஸ்போர்ட்டுக்குப் படம் தேவைப்பட்டது. பட்டணத்து ஸ்டூடியோ முக்காலியில் உட்கார்ந்து எடுத்த அந்தச் சிறிய படத்தின் கீழ் முழுப் பெயர் இருந்தது, தகப்பன் பெயர்கூட இருந்தது. ஊரைவிட்டுப் போகும்போதுதான் பெயர் கேட்டார்கள்!

விடுமுறைக்கு நுவரெலியா போகிறீர்கள், பிள்ளைகள் கையில் போன் இருக்கும். "அக்கா, எடுக்கலாமா?" என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். வேண்டாமென்றால் போனை இறக்கிவிடட்டும். சரியென்றால், கொழுந்து நிறுத்து முடியட்டும், பிள்ளைக்காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கி வரட்டும், தம் வீட்டு வாசலில் தமக்குப் பிடித்தபடி நிற்கட்டும். ஒரு பிரதி கழுவி அனுப்ப அதிகம் செலவாகாது. ஹட்டன், நுவரெலியாப் பட்டணங்களில் கடை வைத்திருக்கும் நம் உறவினர்கள் எத்தனை பேர்! சம்பள வாரத்தில் சாமான் வாங்கத் தோட்டத்திலிருந்து ஆள் வரும்போது கொடுத்துவிடச் சொல்லலாம். படத்தின் பின்பக்கத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், தேதி எல்லாம் எழுதுங்கள். அவர் பெயரை, அவர் சொன்னபடியே, முதல் வரியில் எழுதுங்கள்.