வண்டிப்பேட்டையைச் சுற்றி எழுந்த தெருக்கள்

விருதுநகரின் நடுவே மாரியம்மன் கோயிலையும் தெப்பக்குளத்தையும் சுற்றியுள்ள பழைய தெருக்களின் வரலாறு, இவ்வூர் விருதுபட்டி என்று அழைக்கப்பட்ட 19ஆம் நூற்றாண்டின் வண்டிப் பாதைகளிலிருந்து தொடங்குகிறது. தெற்கேயிருந்து கருப்பட்டி, உப்பு முதலிய சரக்குகளை ஏற்றி வந்த நாடார் வணிகர்கள், வழிப்பறிக்கு அஞ்சி இரவில் தங்குவதற்காக, மாடுகளைக் கட்டவும் சரக்கை இறக்கி வைக்கவும் வசதியுள்ள மதில் சூழ்ந்த தங்குமிடங்களை அமைத்தனர். பேட்டை எனப்பட்ட இத்தகைய இடங்கள் சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களிலும் தோன்றின. நாளடைவில் வணிகர்கள் குடும்பத்தோடு குடியேறவே, பேட்டையை ஒட்டி வீடுகளும் கடைகளும் பெருகின.

இக்குடியிருப்பைத் தாங்கி நின்றது உறவின்முறை என்னும் அமைப்பு. குடும்பத் தலைவர்கள் கூடிப் பொதுக் காரியங்களை முடிவு செய்யும் அச்சபைக்கு, வணிகச் சரக்கின் மீது செலுத்தப்பட்ட மகமை என்னும் பொதுநிதி ஆதாரமாயிற்று. சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி இந்த ஒற்றுமையால்தான் 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே எழுந்தது. உலை வைக்கும்போது பள்ளிக்கென ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்து, தண்டல் வரும்போது கொடுத்தனுப்பிய பெண்களுக்கு அப்பள்ளியின் வரலாற்றில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்த ஒற்றுமை செழிப்பினால் மட்டும் விளைந்ததன்று. நாடார்களுக்குக் கோயில் நுழைவு மறுக்கப்பட்டதும், 1899இல் சிவகாசியில் மூண்ட பெருங்கலவரமும், தங்கள் பாதுகாப்பைத் தாங்களே தேடிக்கொள்ளும் கட்டாயத்தை இம்மக்களுக்கு ஏற்படுத்தின. அதே வேளையில், பிறப்பால் வரையறுக்கப்பட்ட உறவின்முறையின் அரவணைப்பு ஊரார் அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

1870களில் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை வந்தபின் வண்டிப்பேட்டையின் தேவை குறைந்தாலும், வத்தல், மல்லி, பருப்பு வணிகம் பெருகிற்று. 1923இல் ஊர் விருதுநகர் ஆயிற்று. இத்தெருக்களில் ஒன்றான சுலோச்சன நாடார் தெருவில்தான், 1903இல் பிறந்து சத்திரிய வித்தியாசாலையில் பயின்ற காமராசரின் சிறிய வீடு உள்ளது. 1954 முதல் 1963 வரை அவர் முதலமைச்சராக இருந்தபோதும் அவருடைய தாயார் சிவகாமி அம்மாள் அங்கேயே வாழ்ந்தார். இன்று அவ்வீடு அரசின் நினைவில்லம்.