குறை சொல்வதற்கும் ஓர் அவை இருந்தது



திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். அங்குள்ள அரங்கநாதர் கோவிலில், தாயார் சந்நிதி அருகே கம்பர் மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் அதுவே என்பது மரபு.

இன்று அரங்கேற்றம் என்றால் நாட்டிய மேடைதான் நம் நினைவுக்கு வருகிறது. அன்றோ, புலவர் தம் நூலை அவையில் படிப்பார். கற்றவர்கள் தடை எழுப்புவார்கள். அவர் விடை சொல்வார். பிறகே நூல் ஏற்கப்படும். குறை சொல்வதற்கென்றே ஓர் இடமும் முறையும் இருந்தன.

இரணியன் வதைப் படலம் வால்மீகியில் இல்லையே, ஏன் சேர்த்தீர் என்று கம்பரைக் கேட்டார்களாம். மேட்டழகிய சிங்கர் சந்நிதியில் நரசிம்மரே தலையசைத்து ஏற்றார் என்கிறது அந்த மரபுக்கதை.

அந்தக் கேள்வியைக் கவனிப்போம். கவிபாடத் தெரியாதவர் என்று அவரை இகழவில்லை. எந்தப் பகுதி, என்ன சிக்கல் என்று சுட்டினார்கள். பதில் சொல்லவும் விட்டார்கள்.

அந்தப் படலமே ஓர் அறிவுரைதான். செருக்கால் அழிந்த இரணியன் கதையைச் சொல்லி, வீடணன் தன் அண்ணன் இராவணனை எச்சரிக்கிறான். இராவணன் கேட்கவில்லை, தம்பியை விரட்டினான். விவிலியத்தில் நாத்தானும் ஒரு கதை சொல்லித்தான் தாவீதின் குற்றத்தை உணர்த்தினார். தாவீது கேட்டார், மனம் திரும்பினார். நன்றாகச் சொல்வது பாதிதான். கேட்கும் மனம் மறுபாதி.

நம் பங்குகளில் என்ன நடக்கிறது? திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில், "பாட்டா இது?" என்கிறோம். அந்த ஒரு சொல்லில் ஓர் இளைஞர் பாடகர் குழுவைவிட்டே விலகிவிடலாம். "இரண்டாம் சரணத்தில் வேகம் கூடிவிட்டது தம்பி, மக்களால் சேர்ந்து பாட முடியவில்லை" என்று சொன்னால், அடுத்த ஞாயிறே அவர் திருத்திக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. செய்த வேலையைப் பற்றிய கேள்வியை அன்பியக் கூட்டத்தில் எல்லார் முன்னும் கேட்கலாம். ஒருவர் செய்த தவற்றையோ முதலில் தனியே சொல்ல வேண்டும் என்கிறார் இயேசு (மத்தேயு 18:15). இரண்டையும் நாம் இடம் மாற்றிவிடுகிறோம்: தனியே சொல்ல வேண்டியதைத் தெருவில் சொல்கிறோம், கூட்டத்தில் கேட்க வேண்டியதை முதுகுக்குப் பின்னால் பேசுகிறோம்.

இந்த வாரம் யாரிடமாவது ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருந்தால், எது, எங்கே, எப்படித் திருத்தலாம் என்று முதலில் நமக்குள் தெளிவோம். பிறகு அவரிடமே சொல்வோம். அவர் பதிலையும் கேட்போம்.