இடிக்க மனம் வராத கட்டடக் கலைஞர்

சிக்கன வீடுகளால் திருவனந்தபுரத்தின் முகத்தை மாற்றியவர் லாரி பேக்கர். இன்று அந்த வீடுகளுக்கே பாதுகாப்பு தேவைப்படுகிறது.

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வருபவர்களின் கண்ணில் படுகிறது ஒரு சிவப்புச் செங்கல் சுருள். பஸ் நிலையத்தை ஒட்டி நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே தனித்தனி மாடிகள் இல்லை. சரிவுப் பாதை ஒன்று வட்டமடித்து மேலே போகிறது. அதன் ஓரத்திலேயே மேஜைகள். சுவர் நெடுகச் சின்னச் சின்னத் திறப்புகள். காற்றும் வெளிச்சமும் அவற்றின் வழியே இலவசம்.

இதைக் கட்டிய லாரி பேக்கர் 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவ சேவை செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காக மும்பையில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டத் தேவையான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவரை விடவில்லை. இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை மணந்து இமயமலை அடிவாரப் பித்தோராகட்டில் 16 ஆண்டுகள் வாழ்ந்தார். 1963-ல் வாகமண்ணுக்கும், பிறகு திருவனந்தபுரத்துக்கும் குடிபெயர்ந்தார். நகரிலும் சுற்றுப்புறத்திலும் அவர் கட்டிய வீடுகள் ஆயிரத்துக்கும் அதிகம்.

அவர் வைத்தியம் பார்த்தது வீண்செலவுக்கு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினால் செங்கல்லில் சுமார் கால்பங்கு மிச்சம். இடைவெளியில் தங்கும் காற்று வெயிலையும் தடுக்கும். இதற்கு 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் கம்பியும் குறையும். கூரையின் கனமும் குறையும். ஜன்னல் சட்டத்துக்கு மரம் வாங்குவதற்குப் பதில் செங்கல்லிலேயே சல்லடைச் சுவர். வெளிப்பூச்சு கிடையாது. சிக்கனம் ஏழைகளுக்கு மட்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. வசதி படைத்தவரும் வீணடிக்கக்கூடாது என்பதே அவர் கட்சி.

இங்குதான் வீடு கட்டும் வேலையும் பழைமையைக் காக்கும் வேலையும் கைகோத்துக்கொள்கின்றன. வளைகுடாப் பணம் வந்த காலத்தில் கேரளத்தின் நாலுகெட்டு வீடுகள், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி எழுந்த மர வீடுகள், மளமளவென்று இடிக்கப்பட்டன. அந்த இடத்தில் கான்கிரீட் பெட்டிகள் முளைத்தன. இடிபட்ட வீடுகளின் கதவுகளையும் உத்தரங்களையும் பேக்கர் வாங்கித் தம் வீடுகளில் பொருத்தினார். பழைய மரத்தை விட, அந்த வீடுகளின் பழைய அறிவை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில் மரக் கிராதிகள் செய்யும் வேலை என்ன? வெளிச்சத்தை வடிகட்டிக் காற்றை உள்ளே விடுவது. பேக்கரின் செங்கல் சல்லடைகளும் அதையேதான் செய்கின்றன.

1970-களில் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையம் இதற்குப் பெரிய மேடை ஆயிற்று. உள்ளூர் என்ற பெயருடைய பகுதியில் ஒரு குன்று. அதைச் சமன் செய்யாமல், மரங்களுக்கு வழிவிட்டு, சரிவின் போக்கிலேயே கட்டடங்களை வளைத்தார் பேக்கர். 1985-ல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், ராஜ் ஆகியோருடன் சேர்ந்து 'காஸ்ட்ஃபோர்டு' அமைப்பைத் தொடங்கினார். 1990-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

குறை சொல்பவர்களும் உண்டு. சல்லடைச் சுவர் காற்றோடு கொசுவையும் தூசியையும் அழைத்து வருகிறது. ஏ.சி. வைக்க ஆசைப்பட்டால் அத்தனை துவாரங்களையும் அடைக்க வேண்டும். எலிப்பொறிக் கட்டில் கைதேர்ந்த கொத்தனாரும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பேக்கரே தினமும் வேலைத்தலத்தில் நின்று கொத்தனார்களோடு சேர்ந்து வேலை வாங்கினார். அவர் இல்லாத இடத்தில் அவர் பாணி மட்டும் நின்றால், வெறும் பூசாத சுவர்தான் மிஞ்சும்.

ஆனால் பட்டறை மூடப்படவில்லை. சிவில் எஞ்சினியரிங் படித்துவிட்டு அவரிடம் வந்த பென்னி குரியாகோஸ், இங்கிலாந்தின் யார்க்கில் பழங்கட்டடப் பாதுகாப்பு பயின்றார். சென்னைக்கு அருகே 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், பல மாநிலங்களின் பழைய வீடுகள் பிரித்து எடுத்துவந்து மீண்டும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. அதற்குப் பேக்கர் வரைந்த திட்டத்தை வளர்த்தெடுத்தவர் அவர். பின்னர் கேரளத்தின் முசிறி பாரம்பரியத் திட்டத்துக்கும் ஆலோசகரானார். திருவனந்தபுரத்தை அடுத்த விளப்பில்சாலையில் பேக்கர் பெயரில் உள்ள மையம் அவருடைய கட்டுமான முறைகளைக் கற்றுத்தருகிறது.

2007 ஏப்ரல் 1-ல் பேக்கர் மறைந்தார். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில், ஒரு குடிசையாகத் தொடங்கி அறை அறையாக வளர்ந்தது அவருடைய 'ஹாம்லெட்' வீடு. அது போன்ற வீடுகள் இப்போது ஒரு விசித்திரமான இடைவெளியில் நிற்கின்றன. 1958-ம் ஆண்டின் மத்திய சட்டப்படி, ஒரு கட்டடம் பழைமைச் சின்னமாகக் குறைந்தது 100 வயது ஆகியிருக்க வேண்டும். வளர்ச்சி ஆய்வு மையம் அந்தத் தகுதியை எட்ட 2070-களாகும். அதுவரை தனியார் வீடுகளுக்கு உரிமையாளரின் மனசுதான் காவல். மரங்களுக்கு இடம்விட்ட மனைகளில் அடுக்குமாடி லாபக் கணக்குப் போட்டுப் பார்ப்பது சுலபம்.

இடிபட்டால் அந்தச் செங்கற்களை யாராவது வாங்கிப் போவார்கள். பேக்கரும் அதைத் தடுத்திருக்க மாட்டார். ஆனால் அவற்றைக் குத்துவாட்டில் நிறுத்தி அடுக்கத் தெரிந்த கைகளைப் பழைய சாமான் கடையில் வாங்க முடியாது. காக்க வேண்டியவற்றின் பட்டியலில் கொத்தனாரின் கையும் இடம்பெற வேண்டும்.